குறட்டை நின்ற இடங்கள்

எனக்குக் கை முந்தும், புத்தி மெதுவாகப் பின்னால் வரும். வேலையில் அது நல்ல குணம். பெங்களூர் தொம்மலூரில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் ஒலி எடிட்டராக இருக்கிறேன். மற்றவர்கள் வாசித்துப் பதிவு செய்த பாடங்களையும் புத்தகங்களையும் வெட்டிச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலை. நான் மவுஸைத் தொட மாட்டேன். தொடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ரசம் சாதத்தை ஸ்பூனால் பிசைகிற மாதிரி இருக்கும்.

எனக்கு எல்லாம் கீபோர்டிலேயே நடக்க வேண்டும். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே, வெட்ட வேண்டிய இடம் தொடங்கியதும் சதுர அடைப்புக்குறியில் இடது பக்கத்து விசை. அது முடிகிற இடத்தில் வலது பக்கத்து விசை. நடுவில் மாட்டிக்கொண்ட பகுதி திரையில் நிறம் மாறி நிற்கும். கொஞ்சம் முன்பின்னாகிவிட்டால் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் தேர்வு நீளும். இங்கிருந்து கடைசி வரைக்கும் வேண்டும் என்றால் ஷிப்டும் கே-யும். தேர்ந்தெடுத்த பகுதி எத்தனை விநாடி என்று திரையின் அடியில் ஓர் எண் வந்து நிற்கும். பல வருஷமாக அந்த எண் என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பயப்படும் நாள் வரும் என்று நான் நினைத்ததில்லை.

எங்கள் ஸ்டூடியோவில் மூச்சுக்கு மரியாதை கிடையாது. வாசிப்பவர் வாக்கியத்துக்கு நடுவில் இழுக்கிற மூச்சு, பக்கம் திருப்பும்போது விடுகிற பெருமூச்சு எல்லாம் போயாக வேண்டும். அதற்கென்றே ஒரு கட்டளையை எஃப் ஒன்பது விசையில் வைத்திருக்கிறோம். முழு ஃபைலையும் தேர்ந்தெடுக்க கண்ட்ரோல் ஏ, அடுத்து எஃப் ஒன்பது. மெல்லிய சத்தங்களை எல்லாம் அது முதலில் துடைத்துவிடும். பிறகு, ஒரு விநாடிக்கு மேல் நீளும் மௌனங்களை எல்லாம் சுருக்கி, பேச்சைப் பேச்சோடு ஒட்டிவிடும். எந்த ஃபைலைத் திறந்தாலும் என் இடது கை முதலில் செய்கிற காரியம் இதுதான். உலை வைப்பதற்கு முன் அரிசியைக் களைகிறோமே, அப்படி. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

என் வீட்டுக்காரர் குறட்டை விடுவார். ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார். "நானா? நீ கனவு கண்டிருப்பே" என்பார். உல்சூர் பக்கம் இந்த மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் திருப்பத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். அப்பார்ட்மெண்டுகளில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. நாளெல்லாம் ஸ்கூட்டரில் ஊர் சுற்றவேண்டும். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் காலையில் கண் சிவந்திருக்கும். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குவார். ஒரு நாள் சிக்னலில் நின்றபடியே கண் சொருகிவிட்டதாம். பின்னால் வந்த ஆட்டோக்காரர், "மனேலி ஹோகி மல்கோ குரு" என்று, வீட்டில் போய்ப் படு என்று, அன்பாகச் சொன்னாராம். இதை அவர் ஒரு வேடிக்கையாக வந்து சொன்னார். அடுத்து வந்த நாட்களில் அவர் போன் வர ஐந்து நிமிஷம் தாமதமானாலும் நான் ஏதாவது ஒரு சிக்னலைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவங்கப்பாவும் அப்படித்தான். படுத்தா வீடே அதிரும்" என்றார். மாமா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். ரிட்டையர் ஆவதற்கு முன்பே, நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே, போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போன கதையை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அத்தை சொல்வார். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார், படுத்தார், காலையில் எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை, புண்ணியவான். கேட்பவர்களும் "அந்த மாதிரி சாவு யாருக்குக் கிடைக்கும்" என்பார்கள். சொல்லும்போது அத்தையின் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அந்தக் கதை எனக்கு மட்டும் ஏனோ பிடிக்காது. சுவரில் மாட்டியிருக்கும் மாமாவின் படத்தைப் பார்த்தால் என் வீட்டுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். அதே கழுத்து, அதே தாடை.

குறட்டையை நிரூபித்துக் காட்டி அவர் வாயை அடைப்பது என்று ஒரு நாள் முடிவு செய்தேன். படுக்கும்போது என் போனில் பதிவை ஓடவிட்டுத் தலைமாட்டில் வைத்தேன். காலையில் பால் வாங்க எழுந்தபோதுதான் நிறுத்தினேன்.

ஸ்டூடியோவுக்குப் போனதும் முதல் வேலையாக அதை என் கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்தேன். என் கை அதன் வழக்கப்படி செய்தது. கண்ட்ரோல் ஏ, எஃப் ஒன்பது. பெரிய ஃபைல், கம்ப்யூட்டர் முக்கிக்கொண்டிருந்தது. நான் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். வந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டால், ஆகா, ஒரு நிமிஷம்கூட ஓய்வில்லாத குறட்டை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. எங்கே தொட்டுக் கேட்டாலும் அப்படியே. ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து வெட்டி அவருக்கு அனுப்பினேன். "இது ஜேசிபி சத்தம். பக்கத்துத் தெருவுல பள்ளம் தோண்டறாங்க" என்று பதில் வந்தது. எனக்கு ஒரே சிரிப்பு. நன்றாக மூச்சு வாங்குகிறார், தொடர்ச்சியாகத் தூங்குகிறார், பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியோடு மத்தியானம் வரைக்கும் வேலை பார்த்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த ஃபைலை மூடப் போனேன். சேமிக்கவா என்று கேட்டது. அப்போதுதான் அடியில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். முந்தின நாள் அவர் படுத்ததிலிருந்து நான் பால் வாங்க எழுந்தது வரை ஏழு மணி நேரம் இருக்கும். திரையில் ஐந்து மணி நேரம்கூட இல்லை.

போன் நடுவில் நின்றுபோயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். கடைசிக்குப் போய்க் கேட்டேன். நான் எழுந்து கட்டில் கிறீச்சிட்ட சத்தம் இருந்தது. கடைசி வரை ஓடித்தான் இருக்கிறது. அப்படியானால் மீதி நேரம் எங்கே? அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே என் இடது கை ஞாபகத்துக்கு வந்தது. காலையில் அது செய்த காரியம் ஞாபகத்துக்கு வந்தது. காணாமல் போனது நேரமல்ல. சத்தமில்லாத இடங்களை எல்லாம் நானே சுருக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டவைத்துக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

எல்லோரும் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் கொஞ்சம் சும்மாதான் இருப்பார்கள், அதையெல்லாம் கூட்டினால் இவ்வளவு வரும், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே கண்ட்ரோல் இசட் அழுத்தினேன். செய்ததை ஒன்றொன்றாகத் திரும்பப் பெறும் விசை அது. சுருக்கிய மௌனங்கள் திரும்பி வந்தன. இன்னொரு தடவை அழுத்தினேன். துடைத்த மெல்லிய சத்தங்களும் வந்துவிட்டன. திரையில் அலைக்கோடு நீண்டுகொண்டே போனது. காலையில் புதர் மாதிரி அடர்த்தியாக இருந்த கோட்டில் இப்போது வெற்றிடங்கள் தெரிந்தன.

ஒரு வெற்றிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து ஓடவிட்டேன். குறட்டை. குறட்டை. பாதியில் அறுந்தது. இடது விசையை அழுத்தினேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு நாய் குரைத்தது, அதற்கு வேறொரு நாய் தூரத்திலிருந்து பதில் சொன்னது. என் வளையல் சத்தம்கூட ஒன்று கேட்டது, நான் புரண்டு படுத்திருப்பேன். அவர் மட்டும் இல்லை. ஃபேன், ஃபேன், ஃபேன். என் விரல் வலது விசையின் மேல் காத்துக்கொண்டே இருந்தது. இத்தனை நேரம் அந்த விரல் அந்த விசைமேல் அழுத்தாமல் நின்றதே கிடையாது. கடைசியில் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிற ஆள் மாதிரி ஒரு இழுப்பு வந்தது. அழுத்தினேன். அடியில் எண் வந்து நின்றது. முப்பத்தெட்டு விநாடி.

அது ஒன்றுதான் அப்படி என்று நம்பப் பார்த்தேன். அடுத்த வெற்றிடத்துக்குப் போனேன், அங்கேயும் அதே கதை. அதற்கடுத்ததிலும் அதுவே. சிலது சின்னது, சிலது பெரிது. ஒவ்வொன்றிலும் ஃபேன் ஓடியது, ஒவ்வொன்றின் கடைசியிலும் அந்த இழுப்பு. ஒவ்வொன்றையும் இடது விசை, வலது விசை என்று அடைத்துக்கொண்டே போனேன். அந்த அடைப்புக்குள் அவர் மூச்சு விடவில்லை. பக்கத்தில் நான் படுத்திருந்தேன். தூங்கிக்கொண்டிருந்தேன். இது ஒரு ராத்திரியின் ஃபைல். எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை ராத்திரிகள் போயிருக்கின்றன என்று நினைத்தபோது எனக்கு ஹெட்போனைக் கழற்றவேண்டும் போலிருந்தது, கழற்றவும் பயமாயிருந்தது.

எங்கள் ஸ்டூடியோ மேனேஜர் கன்னடக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு "ஏனாயித்து மேடம்?" என்றார். என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் எடுக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். ஸ்கூட்டரில் போகும்போதும் எடுக்க மாட்டார். மறுபடி போட்டேன். மூன்றாவது தடவையும் எடுக்காதபோது வீட்டுக்குப் போட்டேன்.

அத்தை எடுத்தார். "அவன் இங்கதாம்மா இருக்கான். உல்சூர்லயே ஏதோ லிஃப்டு ரிப்பேராம். வந்து சாப்ட்டான். செத்த நேரம் படுக்கறேன்னு படுத்தான். போன சைலண்ட்ல வெச்சிருப்பான்."

எனக்கு உயிர் வந்தது. அந்த உயிர் வந்த வேகத்தில், எதற்கென்றே தெரியாமல் கேட்டேன். "குறட்டை விடறாரா அத்தை?"

"இவ்ளோ நேரம் விட்டுனு இருந்தான். இப்பதான் நின்னுச்சு. நல்லா அசந்து தூங்கினு இருக்கான்."

"எழுப்புங்க."

"ஏம்மா, பாவம். தூங்கட்டுமே."

"அத்தை, எழுப்புங்க. இப்பவே எழுப்புங்க. போன வெச்சிடாதீங்க."

அதுவரை நான் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. போனைச் சமையல் மேடையில் வைக்கிற சத்தம் கேட்டது. செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்து போனார். வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு. முட்டிவலி, மெதுவாகத்தான் போவார். குழாய் சொட்டியது. ஃபேன் ஓடியது, அதே ஃபேன். ஸ்டூடியோவில் இப்படி ஓர் இடம் வந்தால் விசையைத் தட்டி அடுத்த சத்தத்துக்குத் தாவிவிடுவேன். இங்கே தாவ முடியாது. இதன் மறுபக்கத்தில் அந்த இழுப்பு இருக்கிறதா இல்லையா என்று முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வர வழியில்லை. தொம்மலூர் தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நான் ஒரு காதைக் கையால் அடைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன்.

"டேய்" என்று தூரத்தில் அத்தையின் குரல். ஒன்றுமில்லை. "டேய், எழுந்திர்ரா. அவ போன்ல இருக்கா." ஒன்றுமில்லை. சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை, "எழுந்திருங்க, எழுந்திருங்க" என்றுதான் வந்தது.

பிறகு அந்த இழுப்பு வந்தது. போன் வழியாக, சமையலறை தாண்டி, அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குக் கேட்டது. அதற்குப் பின்னால் தூக்கம் கலையாத ஒரு குரல். "இன்னாம்மா? கரண்ட் போச்சா?"

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிளம்பும் முன் அந்த முப்பத்தெட்டு விநாடியை மறுபடி தேர்ந்தெடுத்தேன். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் கொஞ்சம் நீட்டி இரண்டு குறட்டையையும், பின்பக்கம் நீட்டி அந்த இழுப்பையும் சேர்த்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் மௌனத்தை வெட்டி எறிந்திருக்கிறேனே தவிர, வெட்டி எடுத்து வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதைப் போனில் ஏற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம், வீட்டுக்குப் போவதற்குள் மறுபடி படுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அவர் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஜேசிபிக்கு இன்னா ஆச்சு?" என்றார். வழக்கமாக என்றால் நானும் ஏதாவது சுடச்சுடப் பதில் கொடுப்பேன். அன்று முடியவில்லை.

"ஒண்ணும் பேசாம இத கேளுங்க" என்று போனை டேபிளில் வைத்தேன்.

குறட்டை வந்தது. சிரித்தார். இரண்டாவது குறட்டை பாதியில் அறுந்தது. "அவ்ளோதானா?" என்றார். "இருங்க" என்றேன். ஃபேன் சத்தம் மட்டும் ஓடியது. அவருக்கு எதிலும் விளையாட்டு. கன்னத்தை உப்பிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, போனில் இருக்கிற தன்னோடு சேர்ந்து மூச்சை அடக்க ஆரம்பித்தார். கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார், சமையலறை வாசலில் நின்ற அத்தையைப் பார்த்தார். நாய் குரைத்தது. அவர் முகம் சிவந்தது. உருட்டிய கண்ணில் இருந்த விளையாட்டு போய்விட்டது. மூக்கை விட்டுவிட்டுப் 'புஸ்' என்று மூச்சை வெளியே விட்டு, வாயைத் திறந்து காற்றை இழுத்தார். போனில் ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்து நாய் பதில் சொன்னது. இன்னும் ஓடியது. அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இழுப்பு வந்தபோது அவர் தோள் தூக்கிப்போட்டது.

"இப்படி எவ்ளோ வாட்டி?" என்று கேட்டார்.

"ராத்திரி பூரா" என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அத்தை கையில் டீ வடிகட்டியோடு வாசலில் நின்றிருந்தார். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்து அவருக்கு ஆச்சரியம். எங்களைத் தேற்றுகிற மாதிரிதான் பேசினார். "இதுக்கா பயப்படறீங்க? உங்க மாமாவும் இப்படித்தாம்மா. விட்டுனே இருப்பாரு, திடீர்னு சத்தமே இருக்காது. அப்பாடான்னு அப்பதான் நான் கண்ண மூடுவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது போலிருக்கிறது. முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. வடிகட்டியிலிருந்து டீ தரையில் சொட்டியது. என் வீட்டுக்காரர் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். அத்தை உள்ளே போய்த் துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தார்.

அடுத்த நாளே டாக்டரைப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் தூங்கவைத்து, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பரிசோதித்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், இத்தனை நாள் வண்டி ஓட்டியதே பெரிய விஷயம் என்றார். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் வந்தது. அது காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், மூச்சு நிற்க விடாது. அவர் இப்போது தெளிவாக எழுந்திருக்கிறார். சிக்னலில் தூங்குவதில்லை. மெஷினை மாட்டிக்கொண்டு "பைலட் மாதிரி இருக்கனா?" என்கிறார். ஆனால் குறட்டை சுத்தமாக நின்றுவிட்டது. சத்தமில்லாத வீடு எங்களுக்குப் பழக்கமில்லை. பல நாள் அத்தை அறை வாசலில் வந்து நின்று, "மூச்சு வருதா?" என்று கேட்டிருக்கிறார். "வருது, போய்ப் படுங்க" என்பேன். நானும் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

போன மாதம் பிரேசர் டவுனிலிருந்து ஒரு உறவுக்கார அம்மாள் வந்திருந்தார். பேச்சு எங்கெங்கோ போய் யாருடைய சாவிலோ வந்து நின்றது. "உங்க வீட்டுக்காரர் மாதிரி யாருக்கு அமையும்? தூக்கத்துலயே போனாரு, புண்ணியவான்" என்றார் அவர். இந்த இடத்தில் அத்தைதான் கதையைத் தொடருவார். அன்று அவர் தொடரவில்லை. அந்த அம்மாள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.

அவரை வழியனுப்பிவிட்டு அத்தை காபி டம்ளர்களை எடுத்து வந்து தொட்டியில் போட்டார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார். "அன்னிக்கு நான் ஒரு தட்டு தட்டியிருந்தா எழுந்திருப்பாரா?"

"மாமாவுக்கு இது இல்ல அத்தை. அது ஹார்ட்டு" என்றேன். அப்படி எந்த டாக்டரும் எங்களிடம் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது.

அத்தை குழாயைத் திறந்தார். தண்ணீர் டம்ளரில் விழுந்து நிரம்பி வழிந்தது.

"நான் முழிச்சினுதாம்மா இருந்தேன்" என்றார். "சத்தம் நின்னப்புறம்தான் தூங்கினேன்."